கஜா பெராங் மேட்டில் காத்துப் பிடித்த பஸ்

என் தங்கை கடிதத்தில் 'ஏர்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் மலாயாவுக்கே போயிருக்க மாட்டேன். எந்த ஸ்குருவை எத்தனை சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று திண்டுக்கல்லில் இருந்தபடியே ஒரு கார்டு போட்டிருப்பேன். தனம் எழுதியிருந்தது வேறு. 'அவர் ஓட்டுற பஸ்ஸுக்குக் காத்துப் பிடிச்சிருக்கு அண்ணே. தினமும் ஒரே இடத்துல நின்னுபோகுது. இப்ப அவரையும் பிடிச்ச மாதிரி இருக்கு. சாப்பிட உட்கார்ந்தா பக்கத்துல இன்னொரு தட்டு வைக்கச் சொல்றாரு.'

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியது என் தப்பு. பாதியிலேயே அழுகை. மறுநாள் கருப்பண்ணசாமி கோயில் பூசாரியிடம் போய் ஒரு தாயத்து வாங்கி வந்தார். "போய்க் கட்டி விடு. சரிப்படலைன்னா ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வந்துரு. அவ அஞ்சு மாசம் வேற" என்றார். நான் பதினாறு வருஷமாக பஸ் பட்டறையில் ஃபிட்டர். பேய், பிசாசு, முனி எல்லாம் கார்புரேட்டர் சுத்தம் செய்யாதவர்கள் கட்டிவிட்ட கதை என்பது என் கட்சி. ஆனாலும் தாயத்தை ஸ்பேனர் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்.

கப்பலில் எட்டு நாள் வாந்தி எடுத்த விவரம் யாருக்கும் வேண்டாம். நேரே மலாக்காவுக்கு வருகிறேன்.

சுதந்திரம் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கடைக்குக் கடை புதுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் சாயம் போனாலும் யாருக்கும் எடுக்க மனசில்லை. நம் ஊரிலும் நாற்பத்தேழில் அப்படித்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் மாப்பிள்ளை பெருமாள் காத்திருந்தார். கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி சத்தம் போட்டுச் சிரித்த ஆள், இப்போது கழுத்தெலும்பு தெரிய நின்றார். "வாங்க மச்சான்" என்று டாக்ஸிக் கதவைத் திறந்து என்னை ஏற்றினார். நான் ஏறி உட்கார்ந்து, பையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கதவை மூடவில்லை. இன்னும் யாரோ ஏற வேண்டியதுபோலப் பிடித்துக்கொண்டே நின்றார். டிரைவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் மூடினார்.

அவர்கள் குடியிருந்த இடத்துக்கு கஜா பெராங் என்று பெயர். கஜா என்றால் யானை என்று எனக்கே புரிந்தது. பெராங் என்றால் வெறி பிடித்தது என்று மாப்பிள்ளை சொன்னார். வெறி பிடித்த யானை ஊரில் பஸ்ஸுக்குக் காத்துப் பிடித்ததில் என்ன ஆச்சரியம் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளி ஊற்றிக் காரமாக வைத்த மீன். நம் மீன் குழம்புக்கு அண்ணன் முறை. ஆனால் தேங்காய் இல்லை, ஏதோ ஒரு பூவின் வாசனை. முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு மூன்று தட்டு காலி செய்தேன். பிரமாதம். தட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டது மூன்று பேர். பாயில் இருந்தது நான்கு தட்டு. நாலாவதில் சோறு போட்டிருந்தது. யாருக்கும்மா என்று கேட்க வாயெடுத்தேன்; தனம் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மின்விசிறி இல்லாத அறையில் எனக்கு முதுகு சில்லிட்டது. அதற்காக எரிச்சலும் வந்தது.

மாப்பிள்ளை பட்டறைக்குப் போனதும் தனம் சொன்னாள். கஜா பெராங்கைத் தாண்டி குருபோங் போகும் ரோட்டில் ஒரு மேடு. மேட்டு உச்சியில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே தினமும் பதினோரு மணி பஸ்ஸில் ஒரு வயதான அம்மாள் ஏறுவார். கூடையில் பலகாரம் விற்கிறவர். முழங்கால் வலி. கூடையை முதலில் ஏற்றி, கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, இன்னொரு காலை வைத்து ஏற ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒருநாள் பஸ் நிறைந்து வழிந்தது, நேரமும் ஆகிவிட்டது. அந்த அம்மாள் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. பஸ் திரும்பி வரும்போது ரோட்டோரம் கூட்டம். வெயிலில் நடக்க ஆரம்பித்தவர் பாதியில் விழுந்து, அங்கேயே போய்விட்டார்.

"மறுநா பதினோரு மணிக்கு வண்டி அதே எடத்துல தானா நின்னுபோச்சு அண்ணே. அதுலேருந்து தெனமும். மத்த டிரிப்பெல்லாம் நல்லா ஓடுது. அது ஒண்ணுதான். தவுக்கே பொங்கல் வரைக்கும் பாக்குறேன்னுட்டாரு. அப்புறம் வேற டிரைவராம்."

தவுக்கே என்றால் முதலாளி. அவர் சொன்னதுகூட என்னைப் பெரிதாகத் தொடவில்லை. வேலை போனால் ஊருக்கு வரட்டும். நாலாவது தட்டுதான் தொந்தரவு செய்தது. இந்த மனுஷனை இப்படியே கப்பல் ஏற்றினால், தட்டும் கூடவே ஏறும்.

இரண்டாம் நாள் பதினோரு மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். மரக்கூடு கட்டிய வண்டி, இங்கிலாந்து டீசல் இன்ஜின், நல்ல சத்தம். கண்டக்டர் பெயர் நாராயணன். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு. நம்ம ஆள் என்று நான் தமிழில் ஊர் எது, பேர் எது என்று பொழிந்து தள்ள, அவர் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். மாப்பிள்ளைதான் எனக்கு விளக்கினார். மலாக்கா செட்டியாம். பல தலைமுறைக்கு முன் நம் கரையிலிருந்து வந்தவர்கள். சாமி மிச்சம், திருநீறு மிச்சம், பெயர் மிச்சம்; பேச்சு மட்டும் கரைந்துவிட்டது. செட்டி என்றதும் காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன். அதுவும் இல்லையாம்.

கஜா பெராங் தாண்டியது. அந்த மேட்டைப் பார்த்தால் திண்டுக்கல்காரன் சிரிப்பான். சைக்கிளில் பெடல் போடாமலே ஏறிவிடலாம் போலிருக்கும். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். பஸ்ஸுக்குள் பேச்சு மெல்லக் குறைந்தது. யாரும் சொல்லிவைத்ததுபோல் இல்லை, தானாகக் குறைந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு வேகம் ஏறி இறங்கியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு அடங்கியது. வண்டி உருண்டுபோய் நின்றபோது, ஏறும் வாசல் நிறுத்தத்துக் கம்பத்துக்கு நேராக இருந்தது. ஒரு முழம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெளியே நல்ல வெயில். கம்பத்தடியில் ஒருவரும் இல்லை.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் தணிந்த குரலில் பேசினார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒரு தமிழர் பக்கத்தில் இருந்தார். கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார். "ஒருத்தி சொல்றா, ஏறிட்டாளான்னு. இன்னொருத்தி சொல்றா, திரும்பிப் பாக்காதேன்னு."

நாராயணன் இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "மாசோக் அங்கின்" என்று பஸ்ஸுக்குள் பார்த்துச் சொன்னார்.

"என்னங்கறார்?" என்றேன்.

"காத்து பூந்துருச்சுங்கறான், லா" என்றார் தோட்டத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு. "தெனமும் இதான் சொல்றான். அவனுக்குத் தெரியும். செத்தவ அவனுக்குச் சொந்தம்."

நான் இறங்கிப் போனேன். நாராயணன் டீசல் ஃபில்டரைச் சுட்டிக் காட்டி, கன்னத்தை உப்பி 'ஊ' என்று ஊதிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாசோக் என்றால் புகுதல், அங்கின் என்றால் காற்று. டீசல் குழாயில் ஏர் புகுந்துவிட்டது என்று மனுஷன் ஒழுங்காகத் தொழில் பாஷை பேசியிருக்கிறார். அதைத் தமிழர்கள் 'காத்து' ஆக்கி, காத்தைக் கருப்பு ஆக்கி, கடைசியில் அது தபாலில் திண்டுக்கல் வரை வந்திருக்கிறது! நான் நடுரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மரங்களுக்கு நடுவே என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. எனக்கே அது பிடிக்கவில்லை.

வேலையைத் தொடங்கினேன். டீசல் இன்ஜினுக்குள் ஏர் போய்விட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வந்த வழியே அதை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கிற ஸ்குருவைத் தளர்த்தி, பக்கத்து பம்ப்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். புஸ்ஸென்று சத்தம் வரும், குமிழி வரும். பொறுமையாக அடித்துக்கொண்டே இருந்தால் குமிழி சின்னதாகி, கடைசியில் டீசல் மட்டும் தெளிவாக வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்கிவிட வேண்டும். பிறகு பெரிய பம்ப்புக்கும் அதே மாதிரி. நான் அடிக்க அடிக்க அன்றைக்கு வந்த குமிழி கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஆள் மூச்சு முழுக்க உள்ளே இருந்ததுபோல் வந்துகொண்டே இருந்தது.

மாப்பிள்ளை பின்சக்கரத்துப் பக்கம் போய், பஸ்ஸுக்கடியில் தலையைக் குனிந்து குந்தியிருந்தார். அழுகிறார் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் இன்ஜின் கிளம்பியது. அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். அன்றைக்கு முழுக்க வண்டி ஒரு தரம்கூட இருமவில்லை.

மூன்றாம் நாள் அதிகாலையிலேயே பட்டறையில் வேலை பார்த்தேன். இந்த நோய்க்கு ஒரு விசித்திரம் உண்டு. பம்ப்புக்குப் பிறகு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்டுபிடித்துவிடலாம். டாங்கிக்கும் பம்ப்புக்கும் நடுவே, உறிஞ்சுகிற பக்கம், ஒரு நட்டு தளர்ந்திருந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் வண்டி முகம் தூக்கும்போது இன்ஜின் அதிகமாக இழுக்கும், இன்னும் போகும். தடயமே இருக்காது. அந்தப் பக்கத்து வாஷரெல்லாம் மாற்றினேன். டாங்கியடியில் இருந்த நட்டை என் கையாலேயே இறுக்கினேன். ஏர் எடுத்தேன். தவுக்கே வந்து பார்த்து ஒரு சிகரெட் கொடுத்தார். "இன்னைக்கு நின்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன், காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது தனத்திடம்.

பதினோரு மணி பஸ் கம்பத்துக்கு நேராக நின்றது.

நான் இறங்கினேன். ஏர் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கையில் இருந்த டீசல் துணியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்று வீட்டில் ஸ்பேனர் பையைத் திறந்து தாயத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "அவங்க கெட்டது எதுவும் பண்ணலையே மச்சான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாலாம் நாள் போகி. அன்றும் வண்டி நின்றது. சாயங்காலம் நாராயணன் வீட்டில் என்னையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தார்கள். தனம் மொழிபெயர்க்க வந்தாள். அவர்கள் போகியன்று செத்துப்போனவர்களுக்குப் படைக்கிறார்கள். அதற்குப் பெயர் பார்ச்சு. 'படைச்சு' என்பதுதான் கடல் தாண்டி அப்படி ஆகியிருக்கிறது. வரிசையாக வாழை இலை. சோறு, கோழி, மீன், காய்கறி, பலகாரம், மெழுகுவத்தி. எல்லாம் வைத்ததும் வீட்டிலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். என்னையும் சட்டென்று கிளப்பிவிட்டார்கள். வாசலில் நின்று எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே ஆளில்லாத அறை. அதில் யாரோ சாப்பிடுகிறார்கள் என்று வெளியே காத்திருக்கிற பெரிய மனிதர்கள். கொஞ்ச நேரம் கழித்து நாராயணன் கதவை மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் திறந்தார். நம் ஊரில் படையலை நாம் காவல் காப்போம். இங்கே அவர்களைத் தனியாகச் சாப்பிட விடுகிறார்கள்.

சாப்பிடும்போது அவர் தானாகவே சொன்னார். தனம் மெல்ல எனக்குத் தமிழில் சொன்னாள். "அந்தம்மா இவங்க அம்மாவுக்குத் தங்கச்சியாம். எங்க வீட்டுக்காரர் மேல இவங்க யாருக்கும் கோவம் இல்லைங்கறாரு. கையைத் தூக்குனதை இவரும் பாத்தாராம் அண்ணே. நிக்க வேணாம் போலாம்னு மணி அடிச்சதே இவர்தானாம்."

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. இது அவருக்கு முன்பே தெரியும் என்று பட்டது. இரண்டு பேரும் தினமும் ஒரே பஸ்ஸில், முன்னும் பின்னும் நின்றுகொண்டு, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஓடியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் பொங்கல். தவுக்கே சொன்ன கெடு. பதினோரு மணி டிரிப்புக்கு முன்னால் டவுனில் பஸ் கால் மணி நேரம் நிற்கும். தினமும் அப்போது நானும் நாராயணனும் எதிர்க்கடையில் கோப்பி குடிப்போம். கருப்பாக, சர்க்கரை அடியில் மண்டிய கோப்பி. மாப்பிள்ளை வரமாட்டார். அன்று கடையில் உட்கார்ந்த பிறகுதான் துண்டை சீட்டில் விட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன்.

பஸ்ஸுக்கடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் செருப்பு.

குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளை மல்லாந்து படுத்து, டாங்கியடி நட்டில் ஸ்பேனரைப் போட்டு, கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டிருந்தார். நிதானமாக, பழகின கையாக. முகத்தில் கள்ளத்தனம் ஒரு பொட்டு இல்லை. என்னைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் நகர்ந்து வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று நாள் என்னைக் குரங்காட்டம் ஆடவைத்த ஆள்! அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கூட விடாமல் எதிரே வந்து நின்றபோது அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏன் மாப்ளே?"

"அந்த எடத்துல நிக்காம என்னால போக முடியல மச்சான். ஆளே இல்லாத எடத்துல எப்படி நிறுத்துறது? பஸ் நெறைய ஜனம். பைத்தியம்னு சொல்லுவாங்க. வண்டியே நின்னா யாரும் கேக்க மாட்டாங்கள்ல. நீங்க முன்னாடி ஏர் எடுக்கிறப்போ நான் பின்னாடி நட்ட இறுக்கிருவேன். அதுக்குள்ள அவங்க ஏறிருவாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் திரும்பிப் பஸ் வாசலைப் பார்த்தேன்.

"மொத நாள்லேருந்தே நீங்கதானா?"

"இல்ல. மொத நா நான் தொடல மச்சான். சத்தியமா தொடல. அன்னைக்குத் தானாத்தான் நின்னுச்சு."

இதை எழுதும்போதும் அந்த முதல் நாளைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். வாஷர் தேய்ந்திருக்கும், டாங்கியில் டீசல் குறைந்திருக்கும் என்று பத்துக் காரணம் சொல்லலாம். பதினாறு வருஷ ஃபிட்டர் சொல்லாத காரணமா? ஆனால் கம்பத்துக்கு நேராக ஏன் நின்றது?

நான் பஸ்ஸுக்கடியில் போய் நட்டை இறுக்கினேன். ஏர் எடுத்தேன். ஒரு குமிழியும் இல்லாமல் டீசல் வழிந்த பிறகு ஸ்குருவை முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"நிறுத்தணும்னா பிரேக்கை மிதிங்க மாப்ளே. அதுக்குத்தான் வெச்சிருக்காங்க. யாராவது பைத்தியம்னா சொல்லிட்டுப் போறாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். நாராயணனிடம் மலாயில் ஏதோ நாலு வார்த்தை சொன்னார். நாராயணன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு.

இரண்டு பேரையும் கையோடு கூட்டிவரச் சொன்ன அம்மாவிடம் நான் தனியாகத்தான் திரும்பினேன். எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்று சண்டை போட்டவருக்கு அந்தப் பதினோரு மணி பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னேன்.

இன்ஜின் அன்று பாட்டுப் பாடியது. கஜா பெராங் தாண்டியதும் வழக்கம்போலப் பேச்சு அடங்கியது. மேட்டில் ஏறினோம். இருமல் இல்லை, இழுப்பு இல்லை. அந்த நல்ல சத்தமே எல்லோரையும் பயமுறுத்தியது. நிறுத்தத்துக் கம்பம் தெரிந்தது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினோடு கம்பத்துக்கு நேராக நின்றது. வெயில், மரம், வெறும் மண். நாராயணன் வாசலுக்கு வந்து, பலகாரக் கூடையை வாங்குகிறவர்போலக் குனிந்து கையை நீட்டினார். பிறகு ஒதுங்கி நின்று வழி விட்டார். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. பைத்தியம் என்று சொல்லவில்லை. ஒரு கால் வைத்து, மூச்சு வாங்கி, இன்னொரு கால் வைக்கிற நேரம் முழுக்கப் பஸ் காத்திருந்தது. இன்ஜின் அதிர்வில் படிக்கட்டுக் கம்பி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நாராயணன் பஸ்ஸுக்குள் பார்த்தார், யாரோ உட்கார்ந்தாகிவிட்டதா என்று பார்க்கிறவர்போல. பார்த்துவிட்டு, இரண்டு தரம் மணி அடித்தார்.

வண்டி மேட்டைத் தாண்டி இறக்கத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். நான் காலை உள்ளே இழுத்து, ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தேன்.